டிசி தடத்தில் மாதிரி ரயிலோடு நடந்தபடி ஓட்ட எந்தக் கைத்த்ராட்டில் (கையில் பிடிக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) நல்லது?

நிலவறை நிலையம்:

அனைவருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில், வீட்டு நிலவறையில் எச்ஓ அளவில் (அசலில் 87இல் ஒரு பங்கு) ஒரு மாதிரி ரயில் அமைப்பைக் கட்டி வருகிறேன். அறை 4.5 மீட்டருக்கு 3.6 மீட்டர். தடம் சுவரை ஒட்டிச் சுற்றி வந்து, அறையின் நடுவே நாக்கு போல நீண்டிருக்கும் மேடையில் ஏறி வளைந்து திரும்புகிறது. ஆல்ட்டூனா அருகே இருக்கும் குதிரைலாட வளைவைப் பார்த்த நாளிலிருந்து அதைச் சிறியதாகவேனும் வீட்டில் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. 1854இல் திறந்த அந்த வளைவில் இன்றும் சரக்கு ரயில்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகின்றன. அங்கே ஏற்றம் நூற்றுக்கு 1.8 அளவு. இடம் போதாததால் என்னுடையது நூற்றுக்கு 2 ஆகிவிட்டது.

எஞ்சின்கள் மொத்தம் 23. ஒரு பெரியவர் இறந்த பிறகு அவர் குடும்பத்தார் மொத்தமாக விற்றதை வாங்கினேன். பெரும்பாலானவை ஏதர்ன் நிறுவனம் நீலப்பெட்டியில் விற்ற பழைய எஞ்சின்கள். எல்லாமே சாதாரண டிசி, அதாவது தண்டவாளத்திலுள்ள மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுபவை. அவற்றில் நான்கு எஃப்7 எஞ்சின்களைச் சேர்த்துப் பூட்டி நீண்ட கரி ரயிலை மலையேற்றுவதுதான் எங்கள் வீட்டின் பெரிய நிகழ்ச்சி.

சிக்கல் இதுதான். வேகக் குமிழுள்ள மின்பெட்டி படிக்கட்டின் அடியில், ஒரு மூலையில் இருக்கிறது. தடத்தைத் தனித்தனியாக மின்சாரம் கொடுக்கக்கூடிய பத்து பிளாக்குகளாகப் பிரித்திருக்கிறேன். அந்தப் பத்து ஸ்விட்சுகளும் மின்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பலகையில் இருக்கின்றன. கரி ஏற்றும் சுரங்கமோ மேடையின் மறுபுறம். அங்கே பெட்டிகளைக் கோக்கும்போது பத்து வயது மகள் பக்கத்தில் நின்று “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து!” என்று கத்துவாள், நான் மூலையில் நின்று குமிழைத் திருப்புவேன். சென்ற மாதம் அந்த “நிறுத்து” என் காதில் விழ ஒரு நொடி தாமதமாகிவிட்டது. எஞ்சின் தடத்தின் முடிவிலிருந்த தடுப்பை இடித்துத் தள்ளிக்கொண்டு சிமென்ட் தரையில் விழுந்தது. எஞ்சினின் படிக்கட்டுக் கம்பியும் முன்பக்க இணைப்பும் உடைந்தன. தான் சத்தமாகக் கத்தவில்லை என்று நினைத்து அவள் அழுதாள். தவறு அவளுடையது இல்லை, அமைப்பினுடையது. அன்றே முடிவு செய்தேன்: ஓட்டுபவர் ரயிலின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

ஆகவே கையில் பிடித்து நடக்கும் த்ராட்டில் இரண்டு வேண்டும், எனக்கொன்று, அவளுக்கொன்று. கம்பியுள்ளதா, கம்பியில்லாததா? ‘நினைவு’ உள்ளது என்று சிலவற்றைச் சொல்கிறார்களே, அதற்குக் கூடுதல் பணம் தரலாமா? இரண்டுக்கும் ஒரே மின்பெட்டி போதுமா? அளந்து பார்த்ததில் ஓர் எஃப்7 சுமார் அரை ஆம்பியர் இழுக்கிறது. நான்கும் சேர்ந்து ஏற்றத்தில் 2.1 ஆம்பியர். கடைகளில் பார்க்கும் கைக்கருவிகள் பலவற்றில் 1 ஆம்பியர் என்று போட்டிருப்பதால் தயங்குகிறேன்.

---

மூன்றாம் சிக்னல்:

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஏழு ஆண்டுகளாக டிசிசி, அதாவது தண்டவாளம் வழியே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. நடந்தபடி ஓட்டவே பிறந்தது போன்ற முறை அது. ஒரே தடத்தில் இரண்டு பேர் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டலாம், பிளாக் ஸ்விட்சே தேவையில்லை. கைக்கருவியைக் கழற்றினாலும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும். மகளோடு சேர்ந்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் இப்போதே மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து. டிசி கைக்கருவிக்குச் செலவழித்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்து டிசிசிக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

நிலவறை நிலையம்:

நன்றி. டிசிசியை யோசிக்காமல் இல்லை. எஞ்சினுக்குள் வைத்து அந்தக் கட்டளையைப் படிக்கும் டீகோடர் ஒன்று 25 டாலர் என்று வைத்தாலே 23 எஞ்சினுக்கு 575 டாலர். கட்டளை அனுப்பும் மையக் கருவிக்குத் தனிச் செலவு. பணத்தைவிடப் பெரிய தடை வேலை. இந்தப் பழைய ஏதர்ன்களில் மோட்டாரின் கீழ் பிரஷ் நேரடியாக உலோகச் சட்டத்தைத் தொடுகிறது. சட்டமே ஒரு மின்கம்பி. டீகோடர் வைப்பதற்கு முன்பு ஒவ்வொரு மோட்டாரையும் கழற்றிச் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டும். 23 முறை! அந்தப் பெரியவர் எண்ணெய் போட்டு, பெட்டியின் மேல் தேதி எழுதி வைத்திருந்த எஞ்சின்கள் இவை. இருக்கிறபடியே ஓட்டிப் பார்க்கத்தான் மனம் சொல்கிறது.

---

ஈயமும் செம்பும்:

அன்புள்ள நிலவறை நண்பருக்கு,

நான் சென்னையில் தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஓய்வு பெற்றபின் ஒஹையோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கும் நிலவறைதான், இங்கும் டிசிதான். சற்று நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் கைக்கருவியைப் பற்றி நான்கு கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. பத்து பிளாக் ஸ்விட்சுகளும் மூலையிலேயே இருக்கின்றன என்கிறீர்கள். த்ராட்டில் உங்களோடு நடந்து வரும், ஸ்விட்சுகள் நடக்குமா? ரயில் நாலாவது பிளாக்கிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும்போது நீங்கள் மூலைக்கு ஓடித்தான் ஆக வேண்டும். உலகிலேயே உயர்ந்த கைக்கருவியை வாங்கினாலும் இந்த ஓட்டம் குறையாது. எனவே கருவிக்குப் பணம் செலவழிக்கும் முன்பு அந்தப் பலகையைப் பிரியுங்கள். ஒவ்வொரு பிளாக்கின் ஸ்விட்சும் அந்தப் பிளாக்குக்கு எதிரே, மேடையின் விளிம்புப் பலகையில் இருக்க வேண்டும். நடுவில் நிற்கும் நிலையுள்ள இரட்டை ஸ்விட்ச் போதும்: மேலே தள்ளினால் உங்கள் த்ராட்டில், கீழே தள்ளினால் மகளுடையது, நடுவில் மின்சாரம் இல்லை. கம்பி இழுக்கும் வேலை ஒரு ஞாயிறு பிடிக்கும். ஆனால் இந்த வேலைக்குப் பிறகுதான் நடந்து ஓட்டுவது என்பதற்கே அர்த்தம் வரும்.

அடுத்தது, நினைவு. கட்டாயம் வேண்டும். கம்பியுள்ள கருவியின் பிளக்கை ஒரு சாக்கெட்டிலிருந்து உருவி அடுத்ததில் செருகுகிறீர்கள். இடையில் மூன்று, நான்கு நொடி. நினைவில்லாத கருவியென்றால் உருவிய கணமே ரயில் நின்றுவிடும். ஏற்றத்தில் முப்பது பெட்டியோடு நான்கு எஃப்7 சடாரென நின்றால் நடுப்பெட்டிகள் தடம் புரளும். அதனால்தான் நினைவில்லாத கருவி வைத்திருப்பவர்கள் கடைசியில் ஒரே சாக்கெட்டில் செருகி, ஏழு மீட்டர் கம்பியைக் காலைச் சுற்ற விட்டு நடக்கிறார்கள்.

நினைவு வேலை செய்யும் விதம் மந்திரம் எதுவும் இல்லை. கையில் இருப்பது ஒரு குமிழ். உள்ளே ஒரு மாறுமின்தடை. அது தரும் மின்னழுத்தம் மேடைக்கு அடியிலுள்ள பெட்டியில் ஒரு கெபாசிட்டரை நிரப்புகிறது. அந்தக் கெபாசிட்டரின் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் பெரிய ட்ரான்சிஸ்டர் தடத்துக்கு மின்சாரம் விடுகிறது. பிளக்கை உருவினாலும் கெபாசிட்டரில் நிரம்பியது உடனே வடியாது. சிஏ3140 போல உள்ளீட்டில் ஏறக்குறைய எதையுமே உறிஞ்சாத ஆப்-ஆம்பையும் (பெருக்கிச் சில்லு) கசிவு குறைந்த 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் நான் வைத்திருக்கிறேன். நிமிடக் கணக்கில் வேகம் மாறாமல் ஓடுகிறது. குமிழுக்கும் கெபாசிட்டருக்கும் நடுவே 220 கிலோ ஓம் மின்தடை ஒன்று. இரண்டும் சேர்ந்து சுமார் 2 வினாடி தாமதம் தரும். கம்பி இல்லாத நேரத்தில் குமிழ் தெரியாமல் திரும்பியிருந்தாலும், மறுபடி செருகும்போது ரயில் துள்ளாமல் மெல்ல மெல்லப் புதிய வேகத்துக்கு வரும். எடையுள்ள ரயிலை ஓட்டுவது போன்ற உணர்வும் கூடவே கிடைக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இதிலேயே உங்கள் ஆம்பியர் கேள்விக்கும் விடை இருக்கிறது. இரண்டு வகைக் கைக்கருவிகள் உண்டு. ஒன்றில் மொத்த மின்னணுச் சுற்றும் கையிலேயே இருக்கும். தடத்துக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் உங்கள் கையில் உள்ள பெட்டி வழியாக, அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் போய்வரும். இன்னொன்றில் கையில் குமிழும் பொத்தான்களும் மட்டும். கனமான வேலை மேடைக்கு அடியில். உங்களுக்கு இரண்டாவது வகைதான் பொருந்தும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 வோல்ட் வந்து, ரயில் 5 வோல்ட்டில் மெதுவாக ஏறுகிறது, 2 ஆம்பியர் இழுக்கிறது என்றால், மிச்சமான 11 வோல்ட்டும் 2 ஆம்பியரும் பெருகி 22 வாட் வெப்பமாகிறது. சால்டரிங் அயர்னின் வெப்பம் அது. பத்து வயதுக் குழந்தையின் உள்ளங்கையில் அதை வைக்க முடியாது. என் பெட்டியில் 2என்3055 ட்ரான்சிஸ்டர் ஒரு பெரிய அலுமினிய ஹீட் சிங்க்கில், மேடைக்கு அடியில் காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கம்பியையும் பாருங்கள். தொலைபேசிக் கம்பியில் 28 கேஜ் இழை என்றால் மீட்டருக்கு 0.21 ஓம். போக ஐந்து, வர ஐந்து என்று பத்து மீட்டருக்கு 2.1 ஓம். அதில் 2 ஆம்பியரை விட்டால் 4 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே தொலைந்துபோகும். 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு! குமிழின் சிறிய மின்னோட்டம் மட்டும் போகிறதென்றால் அதே கம்பி தாராளமாகப் போதும்.

பிளக்குக்கு நான் ஆறு முனையுள்ள ஆர்ஜே12 பயன்படுத்துகிறேன். குமிழுக்கு மூன்று, திசைக்கு இரண்டு, நிறுத்தப் பொத்தானுக்கு ஒன்று. ஆறும் சரியாகப் போய்விடும். என் பழைய தொழில் தந்த எச்சரிக்கை ஒன்று: கடையில் விற்கும் தொலைபேசித் தட்டைக் கம்பிகள் பெரும்பாலும் தலைகீழாகக் கோக்கப்பட்டவை. ஒரு முனையின் முதல் இழை மறுமுனையில் ஆறாவதாக இருக்கும். தொலைபேசிக்கு அதனால் தீங்கில்லை. உங்கள் த்ராட்டிலில் எல்லாமே இடம் மாறிவிடும். இரு பிளக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பக்கமாகப் பிடித்து நிறங்களை ஒப்பிடுங்கள். இன்னொன்று, ஹெட்போனில் வரும் உருண்டைப் பிளக் வேண்டவே வேண்டாம். செருகும்போது அதன் நுனி வழியிலுள்ள எல்லா முனைகளையும் தொட்டுக்கொண்டேதான் உள்ளே போகும்.

கடைசியாக, ஒரே மின்பெட்டி போதுமா என்ற கேள்வி. போதாது. இதை நான் அனுபவித்துக் கற்றேன். எங்கள் தடத்தில் ஒரு பக்கத் தண்டவாளம் எல்லாப் பிளாக்குகளுக்கும் பொதுவானது. ஆரம்பத்தில் ஒரே மின்பெட்டியிலிருந்து இரண்டு த்ராட்டில்களுக்கும் கம்பி இழுத்திருந்தேன். பேரன் கிழக்கே போனான், நான் மேற்கே திரும்பினேன். அவனுடைய திசை ஸ்விட்ச் பொதுத் தண்டவாளத்தை மின்பெட்டியின் கழித்தல் முனையோடு இணைத்திருந்தது. என்னுடையது அதே தண்டவாளத்தைக் கூட்டல் முனையோடு இணைத்தது. மின்பெட்டிக்குக் குறுக்கே நேரடிக் குறுக்குச்சுற்று! கம்பியின் உறை உருகி நாற்றம் வந்த பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு த்ராட்டிலுக்கும் தனி மின்பெட்டி, ஒன்றோடொன்று தொடர்பில்லாததாக வேண்டும். பழைய லேப்டாப் அடாப்டர்களைப் பயன்படுத்தலாம் என்று நினைத்தால், மூன்று முள் பிளக் உள்ளவற்றில் எச்சரிக்கை தேவை. அவற்றில் பலவற்றில் கழித்தல் முனை உள்ளுக்குள் எர்த்தோடு சேர்ந்திருக்கும். தனித்தனி அடாப்டர் வைத்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சுவரிலுள்ள எர்த் வழியாக இரண்டும் ஒன்றாகிவிட்டிருக்கும். மல்டிமீட்டரால் எர்த் முள்ளுக்கும் வெளிவரும் பிளக்கின் வெளிவளையத்துக்கும் நடுவே அளந்துவிட்டு வாங்குங்கள்.

---

யார்க்ஷயர் தடம்:

ஈயமும் செம்பும் ஐயா எழுதியதை அச்செடுத்து என் மேசையில் ஒட்டிவிட்டேன். இங்கிலாந்தில் டிசி இன்னும் பரவலாக இருப்பதால் கடையில் வாங்கக்கூடியவற்றைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் சால்டரிங் கைவராது, எனக்கு வரவில்லை.

நான் கேஜ்மாஸ்டர் நிறுவனத்தின் கைக்கருவிகளை ஓஓ அளவுத் தடத்தில் (எங்கள் நாட்டில் பரவலான, அசலில் 76இல் ஒரு பங்கு) பயன்படுத்துகிறேன். டபிள்யூ என்ற மாதிரி எளியது: குமிழ், திசை ஸ்விட்ச். டபிள்யூஎஸ் மாதிரியில் கனமான ரயிலைப் போல மெல்ல வேகமெடுத்து, பிரேக் பிடித்து நிறுத்தும் வசதி உண்டு. எச்எச் மாதிரி, மோட்டார் சுழலும்போது தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை அளந்து, ஏற்றத்தில் வேகம் குறைந்தால் தானே கூட்டிக்கொடுக்கும். இவை எல்லாம் ஐயா சொன்ன முதல் வகை, சுற்று முழுவதும் கையிலேயே. உருவினால் ரயில் நிற்கும். ஒற்றை எஞ்சினை வைத்து யார்டில் பெட்டி கோக்கும் வேலைக்கு எச்எச் அருமையானது. ஊர்ந்து போகும் வேகத்தில் எஞ்சின் திக்காமல் நகரும். உங்கள் நான்கு எஃப்7களுக்கு இது ஆகாது, 2.1 ஆம்பியர் அதற்குச் சுமை.

இந்தக் கைக்கருவிகளுக்கு 16 வோல்ட் ஏசி கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் 230 வோல்ட், உங்கள் ஊர் 120 வோல்ட் என்ற கவலை உங்களுக்கு இல்லை. அந்தப் பக்கத்து ட்ரான்ஸ்ஃபார்மரை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்க ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 16 வோல்ட் அழைப்புமணி ட்ரான்ஸ்ஃபார்மரில் 10 விஏ (வோல்ட்-ஆம்பியர்) வகை 0.6 ஆம்பியர்தான் தரும். 30 விஏ வகையைக் கேளுங்கள்.

எதிர் மின்னழுத்தம் பார்க்கும் கருவிகளில் இரண்டு விஷயம் கவனம் தேவை. இரும்பு உள்ளகம் இல்லாத நுண்மோட்டார் பொருத்திய விலையுயர்ந்த எஞ்சின்களை அதில் ஓட்டக் கூடாது. விட்டுவிட்டு வரும் துடிப்பு மின்சாரத்தில் அவை சூடேறும். தண்டவாளத்தைத் தூய்மை செய்ய உயர் அதிர்வெண் கருவி வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் பழைய ஏதர்ன்களுக்கு முதல் எச்சரிக்கை பொருந்தாது. அந்த மோட்டார்கள் முரடு.

---

நிலவறை நிலையம்:

ஐயா, ஸ்விட்சுப் பலகையைப் பற்றிப் படித்துவிட்டு நிலவறைக்குப் போய் நின்று பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக அதை ஒரு குறையாகவே நான் நினைத்ததில்லை! அழகாக வரிசையாக இருக்கிறது என்று பெருமையாகத்தான் இருந்தேன்.

இரண்டு சந்தேகம். திசையை மாற்றுவது கையில் இருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வழியாகத்தானே? பிளக்கை உருவும்போது ரிலே விழுந்தால் ஓடும் ரயில் பின்னோக்கிப் போய்விடாதா? மற்றது, கம்பியே இல்லாமல் ரேடியோவில் ஓட்டினால் இந்த நினைவு, சாக்கெட் எல்லாமே தேவையில்லையே?

---

ஈயமும் செம்பும்:

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். நானே முதல் கருவியில் செய்த தவறு அது. சாதாரண ரிலே வைத்திருந்தேன், உருவியதும் விழுந்தது, ஓடிக்கொண்டிருந்த ரயில் ஒரு குலுக்கலோடு பின்வாங்கியது. இரண்டு சுருள் கொண்ட தாழ் (லாச்சிங்) ரிலே வாங்குங்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு பக்கம் சாயும், மின்சாரம் போனாலும் அங்கேயே நிற்கும். மறு பொத்தானை அழுத்தினால்தான் மறுபக்கம் வரும். அதனால்தான் ஆறு கம்பிகளில் திசைக்கு இரண்டு ஒதுக்கியிருந்தேன்.

பொத்தான்களின் மேல் ‘முன்’, ‘பின்’ என்று எழுதாதீர்கள். டிசியில் திசை எஞ்சினுக்குச் சொந்தமில்லை, தண்டவாளத்துக்குச் சொந்தம். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் தரப்படி வலது தண்டவாளம் கூட்டலாக இருந்தால் எஞ்சின் முன்னே போகும். அதே எஞ்சினைத் தூக்கித் திருப்பி வைத்தாலும் அது அதே பக்கம்தான் போகும், இப்போது பின்னோக்கி. எனவே ‘கிழக்கு’, ‘மேற்கு’ என்று எழுதுங்கள். சுவரை ஒட்டிய தடத்தில் இது மிகவும் வசதி. மேடையைப் பார்த்து எங்கே நின்றாலும் கிழக்கு எப்போதும் வலதுகைப் பக்கம் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால், குழந்தை யோசிக்கவே வேண்டியதில்லை. உங்கள் நாக்கு மேடையிலும் அப்படித்தான், வெளிவிளிம்பைச் சுற்றித் தடம் போவதால்.

நிறுத்தப் பொத்தானைக் கையில் மட்டும் வைக்காதீர்கள். நினைவுள்ள கருவியில் ஓர் ஆபத்து உண்டு: உருவிய கருவி உங்கள் கையில் இருக்கும், ரயில் தன்பாட்டுக்கு ஓடும், அவசரத்துக்குச் சாக்கெட் தொலைவில் இருக்கும். மேடை விளிம்பில் மூன்று இடங்களில் சிவப்புப் பொத்தான் வையுங்கள். அழுத்தினால் கெபாசிட்டர் காலியாகி ரயில் நிற்க வேண்டும். அந்தப் பொத்தானின் உயரம் உங்கள் மகளுக்கு எட்டும் உயரமாக இருக்கட்டும்.

ரேடியோவைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் குறைவு. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

பெங்களூர் நாரோகேஜ்:

கம்பியில்லாமல் ஓட்டுபவன் நான். மொட்டை மாடியில் பெரிய அளவு ரயில், தடத்தைச் சுற்றி நடக்க நிறைய இடம். இஎஸ்பி32 என்ற ரேடியோவுள்ள சிறு கணினிப் பலகை ஒன்றும், பிடிஎஸ்7960 மோட்டார் ஓட்டியும் வைத்து நானே செய்தேன். கையில் இன்னொரு இஎஸ்பி32, ஒரு குமிழ், ஒரு சிறிய மின்கலம். இரண்டும் ரேடியோவில் பேசிக்கொள்கின்றன.

நான் முதலில் எல்298என் என்ற மோட்டார் ஓட்டிப் பலகையில் தொடங்கினேன். அது 1 ஆம்பியரிலேயே ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே விழுங்கிக்கொண்டு சூடேறுகிறது, உங்கள் 2.1 ஆம்பியருக்கு அதை நினைக்கவே வேண்டாம். மோட்டார் ஓட்டி விட்டுவிட்டு அனுப்பும் மின்துடிப்பின் வேகத்தை நொடிக்கு 20,000 அளவில் வையுங்கள். நூறு, இருநூறில் வைத்தால் மோட்டார் ரீங்கரிக்கும்.

ஆனால் கம்பியில்லாததால் நினைவுக் கேள்வி தீர்ந்துவிடாது, தலைகீழாகிறது. தொடர்பு அறுந்தால் ரயில் என்ன செய்ய வேண்டும்? மின்கலம் தீர்ந்தால்? அந்த முடிவை நிரலில் நீங்கள்தான் எழுத வேண்டும். என் நிரலில் ஒரு நொடிக்கு மேல் செய்தி வராவிட்டால் மூன்று நொடிகளில் மெல்ல வேகம் குறைந்து நிற்கும். இதை எழுதாத முதல் வாரத்தில் கையிலிருந்த மின்கலம் தீர்ந்தது. ரயில் நான் கடைசியாகக் கொடுத்த வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது, நான் மாடிப்படி இறங்கிப் போய் மெயின் ஸ்விட்சை அணைக்கும்வரை.

கடையில் வாங்குவதென்றால், அரிஸ்டோ-கிராஃப்ட் நிறுவனத்தின் ட்ரெயின் எஞ்சினியர் என்ற ரேடியோ த்ராட்டில் ஒரு காலத்தில் பெரிய அளவு ரயில்களில் புகழ்பெற்றது. நிறுவனம் 2013ஆம் ஆண்டோடு மூடப்பட்டது. பழையது மலிவாகக் கிடைத்தாலும், கைக்கருவியும் ஏற்பியும் ஜோடியாக, ஓட்டிக் காட்டினால் மட்டும் வாங்குங்கள். ஜப்பானின் கேட்டோ நிறுவனம் போனிலிருந்து டிசி ரயிலை ஓட்டும் ஸ்மார்ட் கண்ட்ரோலர் ஒன்றை வெளியிட்டது. 

போனில் ஓட்டுவதைப் பற்றி என் கருத்து: கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடி கிடையாது. வேகத்தைக் குறைக்கக் கண்ணை ரயிலிலிருந்து எடுத்துத் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்டி கோக்கும் அந்தக் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் கண் ரயிலின் மேல்தான் இருக்க வேண்டும். உங்கள் எஞ்சின் தரையில் விழுந்த கதையைப் படித்தபோது இதைத்தான் நினைத்தேன். குமிழ் வேண்டும், அதுவும் முழுதாக நின்ற இடத்தில் ‘டக்’ என்று விரலுக்குத் தெரியும் குமிழ்.

---

மூன்றாம் சிக்னல்:

டிசிசிக்கு மாறச் சொன்ன நானும் தொடர்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பின்னால் ஒலி டீகோடர் உள்ள எஞ்சின் ஒன்றை வாங்கினால் அது டிசியிலும் ஓடும். ஆனால் 5, 6 வோல்ட் வந்த பிறகுதான் விழிக்கும், துடிப்பு முறைத் த்ராட்டிலில் குழம்பிவிடும். ஐயாவின் ட்ரான்சிஸ்டர் பெட்டி தருவது போன்ற சீரான டிசிதான் அதற்குப் பிடிக்கும்.

---

நிலவறை நிலையம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

முதல் ஞாயிறு பலகையைப் பிரித்தேன். பத்து ஸ்விட்சுகளும் இப்போது அவரவர் பிளாக்குக்கு எதிரே. 18 கேஜ் கம்பி நாற்பது மீட்டருக்கு மேல் போனது. கைக்கருவி இன்னும் வராத நிலையிலேயே வித்தியாசம் தெரிந்தது: மகள் ரயிலோடு நடந்து ஸ்விட்ச் போட, நான் மூலையில் குமிழைப் பிடித்தேன், ஒருமுறைகூட ஓடவில்லை.

நான்கு எஃப்7 கரி ரயிலுக்கு ஐயாவின் முறைப்படி நினைவுள்ள பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். ட்ரான்சிஸ்டரையும் ஹீட் சிங்க்கையும் படிக்கட்டின் அடியில் பொருத்தியாகிவிட்டது. தாழ் ரிலே நேற்று வந்தது. சுரங்கத்துப் பக்கம் பெட்டி கோக்கும் வேலை முழுவதும் மகளுடையது என்று முடிவாகியிருக்கிறது. அங்கே ஒற்றை எஞ்சின்தான், இடம் விட்டு நகரத் தேவையில்லை; அதனால் அவளுக்கு எச்எச் கைக்கருவி, 30 விஏ ட்ரான்ஸ்ஃபார்மரோடு. அடாப்டர்களையும் அளந்து பார்த்தேன், ஐயா. வீட்டிலிருந்த மூன்றில் இரண்டில் எர்த் சேர்ந்திருந்தது. நீங்கள் சொல்லாவிட்டால் அவற்றைத்தான் இணைத்திருப்பேன்.

சிவப்புப் பொத்தான்களை எந்த உயரத்தில் வைப்பது என்று மகளையே சுவரோரம் நிற்க வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். தரையிலிருந்து 96 சென்டிமீட்டர். தொலைபேசிக் கம்பிகள் இரண்டு வாங்கியதில் இரண்டுமே தலைகீழ்க் கோப்பு. அவற்றின் ஒரு முனையை வெட்டி நானே நேராகப் பிளக் பொருத்தலாமா, அல்லது அந்த நெகிழும் இழைக்கு வேறு வகைப் பிளக் வாங்க வேண்டுமா என்று ஐயா சொன்னால் இந்த வாரமே முடித்துவிடுவேன்.

---

ஈயமும் செம்பும்:

வெட்டிப் பொருத்தலாம். ஆனால் நெகிழும் இழைக்கு என்றே விற்கும் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். ஒற்றைத் தடித்த இழைக்கான பிளக்கின் பற்கள் இதில் சரியாகக் கடிக்காது, நாலு மாதத்தில் தொடர்பு விட்டுவிட்டு வரும். பிளக்கின் கொக்கியை மூடும் ரப்பர் உறையும் சேர்த்து வாங்குங்கள். ஒரு நாளில் பத்துத் தடவை உருவிச் செருகும் இடத்தில் முதலில் உடைவது அந்தக் கொக்கிதான். பொருத்தியதும் ஆறு இழையையும் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பிறகு பெட்டிக்கு மின்சாரம் கொடுங்கள். கரி ரயில் ஏறும் நாளில் ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.